காலையிலேர்ந்து பட்டினி



மறதி நோய் வந்த என் மாமியாரை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சாப்பிட்டுக் கை கழுவிய அரைமணி நேரத்தில், பார்க்க வருகிறவர்களிடம் "காலையிலேர்ந்து பட்டினி" என்பார். இந்த நோயில் கல்யாணக் கதை நினைவில் நிற்கும். சற்றுமுன் சாப்பிட்டது நிற்காது. இது தெரியாதவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள். நோயை "வயசானா அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுகிற நம் ஊர், குறையை மட்டும் மருமகள் கணக்கில் எழுதிவிடும்.

ஜப்பானில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "அங்கேயும் மூத்த மருமகள் தலையிலதான் இருந்துச்சு டீச்சர். வயசானவங்க பெருகினதும் வழியை மாத்திக்கிட்டாங்க" என்றான். 2000இல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்திருக்கிறது. 40 வயது முதல் எல்லோரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். பகல்நேரக் காப்பகத்து வண்டி காலையில் வாசலுக்கு வந்து பெரியவரை அழைத்துப் போய், மாலையில் கொண்டுவந்து விடுகிறது. இந்த நோய்க்கு இருந்த இழிவான பெயரையே 2004இல் அரசு மாற்றிவிட்டது. மறுவருடம் முதல் கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும், இவர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒன்றரை மணி நேர வகுப்பு. ஒரு கோடிப் பேருக்கு மேல் படித்துவிட்டார்கள்.

நாமும் மனசில் குறைந்தவர்களில்லை. அத்தை வழி தவறிப் போனால் தெருமுனைப் பூக்காரம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார். ஆனால் இங்கே "அலுப்பா இருக்கு" என்று சொன்னாலே பாசம் இல்லை என்றாகிவிடுகிறது. அதனால் பெண்கள் சொல்வதில்லை. தலைவலி, முதுகுவலி என்று மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள்; கோயிலில் நின்று அழுகிறார்கள். பார்த்துக்கொள்வது கடமைதான். அது ஒருத்திக்கு மட்டுமான கடமையா?

உறவுகளே, அடுத்த முறை வரும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வேண்டாம். இரண்டு மணி நேரம் அத்தையோடு உட்கார்ந்து அவர் கல்யாணக் கதையைக் கேளுங்கள். பட்டினி என்றால் ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுங்கள். அதற்குள் நான் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

மாணவர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். முதியோர் உதவி எண் 14567 என்பதை அங்கே சொல்லுங்கள். பெரியவரை விசாரித்த பிறகு, பார்த்துக்கொள்கிறவரிடமும் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.