சக்கரமும் குறையறி சோதனையும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் வண்டிப் பட்டறைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணக்கூடும். அண்மையில் எனக்கு ஒரு பாடம் பட்டறையில்தான் கிடைத்தது.

பேராக் மாநிலத்துத் தோட்டப் பள்ளியொன்றில் பணியாற்றுகின்றேன். கடைசி நான்கு கிலோமீட்டர் செம்பனைகளுக்கிடையே செல்லும் செம்மண் சாலை. மழை பெய்தால் என் மகிழுந்து சேற்றில் புதைந்து நின்றுவிடும். ஆகவே, பழைய சுசுகி ஜிம்னி ஒன்றை வாங்கினேன். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டி அது. அதுவும் போதாதென்று, சுருள்வில்களை மாற்றி இரண்டு அங்குலம் உயர்த்தவும் செய்தேன்.

செம்மண் சாலையில் வண்டி யானைபோல் நடந்தது. தார்ச்சாலையில்தான் தொல்லை தொடங்கியது. நேராகச் செல்லாமல் அங்குமிங்கும் அலைந்தது. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்ப மறுத்தது. டயர்க் கடைக்குச் சென்று அலைன்மெண்ட் பார்த்தேன். ஒரு முறையல்ல, மூன்று முறை! ஒவ்வொரு முறையும், "எல்லாம் சரி" என்றுதான் சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை, கதை சொல்லும் போட்டி முடிந்து மூன்று மாணவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மறுகணம் ஸ்டீயரிங் என் கைகளை உதறித் தள்ளுவதுபோல் ஆடத் தொடங்கியது. வண்டி முழுவதும் நடுங்கியது. மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டிய பின்புதான் நின்றது. பின்னிருக்கையிலிருந்த சிறுமி, "ஏன் ஐயா வண்டி இப்படி ஆடுது?" என்றாள்.

"சாலை சரியில்லம்மா" என்றேன்.

அது பொய் என்பது எனக்குத் தெரியும். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மூன்று வீட்டுப் பெற்றோர் என்னை நம்பி அனுப்பிய பிள்ளைகள் அல்லவா?

நண்பர் ஒருவர் சொல்ல, பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளையே பார்க்கும் ஒரு சீனப் பெரியவரின் பட்டறைக்குச் சென்றேன். அவர் உடனே எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. மலாய் மொழியில் கேள்விகள் கேட்டார். எந்த வேகத்தில் ஆடுகிறது? பள்ளத்தில் இறங்கிய பின்பா, எப்போதுமா? வண்டியை உயர்த்துவதற்கு முன் இப்படி இருந்ததா?

பின்னர் டயர்களின் காற்றழுத்தத்தைப் பார்த்தார். டயரின் மேற்பரப்பில் குறுக்காக உள்ளங்கையைத் தடவினார். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் இரம்பப் பல்போலவும் இருந்தால், சக்கரங்களின் முன்முனைகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ அளவுக்கு மீறித் திரும்பியுள்ளன என்று பொருளாம். அடுத்து, என்னை இருக்கையில் அமர்த்தி ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது அசைக்கச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தார். முன் அச்சைச் சட்டத்தோடு குறுக்காக இணைக்கும் தண்டின் ரப்பர் புஷ் தேய்ந்து, தண்டே அசைந்துகொண்டிருந்தது. பின்னர் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பேரிங்குகளைச் சோதித்தார். அவை நன்றாகவே இருந்தன.

கடைசியாகத்தான், டயர்க் கடைக்காரர் தந்த தாளைக் கேட்டார். அதில் காஸ்டர் என்னும் அளவு சிவப்பில் அச்சாகியிருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை!

மிதிவண்டியின் முன்கவை சாய்வாக இருப்பதை நாம் பார்த்திருக்கின்றோம். அந்தச் சாய்வு சக்கரம் நேராக ஓட உதவுகின்றது. வண்டியின் முன்சக்கரங்களுக்கும் அத்தகைய சாய்வு உண்டு. அதுவே காஸ்டர். நான் வண்டியை உயர்த்தியபோது, முன் அச்சைத் தாங்கும் கைகள் கீழ்நோக்கிச் சரிந்து அச்சையே சற்றுத் திருப்பிவிட்டன. சாய்வு குறைந்தது. ஜிம்னியின் முன் அச்சு ஒரே துண்டானது. அதில் டயர்க் கடையில் திருத்தக்கூடியது சக்கரங்களின் உள்நோக்கு, வெளிநோக்குத் திருப்பம் மட்டுமே. அவர்கள் தங்களால் திருத்த முடிந்ததையே மூன்று முறையும் திருத்தியிருக்கின்றார்கள்.

"சிகு, தளர்ந்ததை மாற்றாமல் அளவை மாற்றிப் பயனில்லை" என்றார் பெரியவர். தேய்ந்த புஷ்ஷை மாற்றி, சாய்வை மீட்கும் வகையில் துளை நடுவிலிருந்து விலகிய புஷ்களை அந்தக் கைகளில் பொருத்தினார். அதன் பிறகே அலைன்மெண்ட் செய்யச் சொன்னார். இப்போது வண்டி நேராகச் செல்கின்றது.

வீடு திரும்பும் வழியில் என் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் நினைவு வந்தது. சொல்வதெழுதுதலில் 'கோழி' என்பதைக் 'கோளி' என்றும் 'பழம்' என்பதைப் 'பளம்' என்றும் எழுதுவான். ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை எழுதச் சொல்வேன். எழுதுவான். அடுத்த வாரம் அதே பிழை. மீண்டும் பத்து முறை. கவனமில்லாத பிள்ளை என்று அவன் தாயாரிடமும் சொல்லிவிட்டேன். குறையறி சோதனை, குறைநீக்கல் போதனை என்றெல்லாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவன்தான் நான்!

திங்கட்கிழமை அவனை அருகில் அமர்த்தி வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். 'கோளி' என்றே வாசித்தான். ஒலிப்பதைத்தான் எழுதியிருக்கின்றான். அத்தோடு முடியவில்லை. என் பாடவேளை ஒன்றைக் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டேன். சொற்களைச் சொல்லி எழுதச் செய்யும்போது என் ழகரம் திருத்தமாகவே இருந்தது. மற்ற நேரங்களிலோ, "வாளப்பளம் கொண்டாந்தியா?" என்று கேட்பவன் நானேதான்.

இப்போது எழுதுவதற்கு முன் ஒலிக்கின்றோம். ளகரத்திற்கு நாநுனி மேலண்ணத்தைத் தொடும். ழகரத்திற்குத் தொடாமல் வளைந்து நிற்கும். அவனும் நானும் சேர்ந்தே பழகுகின்றோம். பிழைகள் முற்றாக நீங்கவில்லை, குறைந்திருக்கின்றன. அவன் தாயாரை மீண்டும் சந்தித்து, கவனக்குறைவு என்று நான் சொன்னது தவறு எனக் கூறினேன்.

வண்டியில் வந்த அந்தச் சிறுமியிடமும், "அன்று சாலையில் குறையில்லை அம்மா, ஐயாவின் வண்டியில்தான் குறை" என்று சொல்லிவிட்டேன். "சரியாக்கிட்டீங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.