மகாளய பட்சத்துப் பொம்மைகள்

மகாளய பட்சம் தொடங்குகிற வாரத்தில் எழும்பூரில் பொதிகை ஏறிவிடுவது என் வழக்கம். இரவெல்லாம் ஓடி, விருதுநகரில் செங்கோட்டைப் பாதைக்குத் திரும்புகிற வண்டி சிவகாசியைத் தாண்டியதும் மேற்கே மலைத்தொடர் தெரிய ஆரம்பிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கூட்டம் இறங்கும். அடுத்து ராஜபாளையம், என் ஊர்.

அந்த இரண்டு வாரமும் முன்னோருக்கு உரியவை. அமாவாசையன்று தம்பி ராமேசுவரம் போய் அக்னி தீர்த்தக் கரையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பான். பெண் பிள்ளைக்கு அதில் இடமில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். எனக்கென்று அப்பா வேறொரு வேலையை விட்டுப்போயிருக்கிறார். அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி. கொலு வைக்கிற வீடுகளின் பழைய பொம்மைகளுக்கு அதற்குள் வர்ணம் தீட்டிக் கொடுக்க வேண்டும், காசு வாங்காமல்.

அப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லில் பிட்டர். பஞ்சும் எண்ணெயும் ஒட்டிய கையோடு வீட்டுக்கு வருவார். குளித்துச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் அதே கை ஜீரோ நம்பர் பிரஷைப் பிடித்துக் கிருஷ்ணன் கழுத்துக்கு முத்துமாலை எழுதும். மதுரைப் பக்கம் விளாச்சேரிக்குப் போய், பொம்மை செய்கிறவர்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்துப் பழகிய தொழில் அது. தொழில் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. யாராவது பணத்தை நீட்டினால், "மில்லுல சம்பளம் குடுக்கான்ல, இது எதுக்கு?" என்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளிலிருந்து பால்கோவா வந்தால் மட்டும் மறுக்கமாட்டார். அதையும் எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவார்.

பழைய பொம்மை கைக்கு வந்ததும் முதலில் அதற்குத் தண்ணீர் காட்டக் கூடாது. காகிதக்கூழ் பொம்மை ஊறிப்போகும், சுடாத மண் பொம்மை கரைந்தே போகும். காய்ந்த பிரஷால் மடிப்புகளில் இருக்கும் தூசியைத் தட்டி எடுத்து, விளக்கெண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றி எடுப்போம். மூக்கோ விரல் நுனியோ உடைந்திருந்தால் சாக்பீஸ் பொடியையும் பெவிகாலையும் குழைத்து வைத்துக் கட்டுவோம். கை முழுதாக விட்டுப்போயிருந்தால் அப்பா சத்திரப்பட்டித் துணியை எடுப்பார். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற துணியை நெய்கிற ஊர். அந்தச் சல்லடைத் துணியைப் பசையில் நனைத்து உடைந்த மூட்டில் சுற்றினால், காய்ந்தபின் பழைய கையைவிட உறுதியாக நிற்கும். அதன் மேல் ஒரு பூச்சு, பிறகு உப்புத்தாள், பிறகு வெள்ளை. வெள்ளை முழுதாகக் காயாமல் நிறத்தில் கைவைக்கக் கூடாது. மேனி நிறம், உடுப்பு, நகை, கரை என்று வரிசையாகப் போய்க் கடைசியில்தான் கண்.

கண் எழுதுவதற்கு அப்பா லீவு நாள் காலையைத் தேர்ந்தெடுப்பார். மேல் இமைக் கோடு இரண்டையும் முதலில் இழுப்பார். இரண்டு கருவிழியையும் ஒரே உட்காரலில் வைப்பார். ஒன்றை இன்றைக்கும் ஒன்றை நாளைக்கும் வைத்தால் பார்வை பிசகும் என்பது அவர் கணக்கு. நான் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. அவர் சொன்னபடியே செய்கிறேன்.

பிரஷ் விஷயத்திலும் அவருக்குப் பிடிவாதம் உண்டு. கீரி முடி பிரஷ் கோடு இழுக்க அருமையாக இருக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதற்காகக் கீரியைக் கொல்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் அதைத் தொடவில்லை. அந்த பிரஷை விற்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பது இன்றைக்கும் வாங்குகிற பலருக்குத் தெரியாது. நைலான் பிரஷே போதும். மெல்லிய கோடு கையில்தான் இருக்கிறது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றை அவரிடம் கற்றேன். பழைய பொம்மையின் முகத்தை மாற்றக் கூடாது. அதற்குமுன் யார் யாரோ நாலைந்து முறை பூசிவைத்த வர்ணம் மேலே ஏறிக் கிடக்கும். அப்பா பொம்மையின் முதுகுப்பக்கம், வெளியே தெரியாத ஓரத்தில், பிளேடு முனையால் மெல்லச் சுரண்டி அடியில் இருக்கும் முதல் நிறத்தைக் கண்டுபிடிப்பார். பிறகு அந்த நிறத்தையே கலப்பார். "நாம புதுசாப் பண்ணல. அவங்க வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படிக் குடுக்கோம்" என்பார். சிறுவயதில் எனக்கு இது வீண் வேலையாகத் தெரிந்தது. பளிச்சென்று புது நிறம் அடித்தால் அழகாக இருக்குமே என்று கேட்டிருக்கிறேன்.

அவர் இறந்தது ஓர் ஆவணி மாதம். வாங்கி வைத்திருந்த பொம்மைகள் அலமாரியில் அப்படியே நின்றன. சிலவற்றுக்கு வெள்ளை மட்டும் அடித்திருந்தார், சிலவற்றுக்கு உடுப்பு வரைக்கும் முடித்திருந்தார். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் கொலு கிடையாது. தீட்டு வீட்டிலிருந்து பொம்மை வாங்கிக்கொள்வார்களா என்று எனக்குச் சந்தேகம். அரைகுறையாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவிலேயே வயதான பாட்டி அவர். பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "ஒங்கப்பன் கைபட்ட சாமிக்கு என்ன தாயி தீட்டு? கொண்டு போயி நீயே முடிச்சுக் குடு" என்றார். மற்ற வீடுகளிலும் அதையே சொன்னார்கள். அவர் குழைத்து வைத்திருந்த நீலம் புட்டியில் மீதி இருந்தது. அதிலேயே தொடங்கினேன்.

ராஜபாளையம் கொடையைப் பார்த்து வளர்ந்த ஊர். இங்குள்ள காந்தி கலை மன்றம் ஒரு காலத்தில் பூ.ச.குமாரசாமி ராஜாவின் வீடு. 1898-ல் பிறந்து, பிள்ளைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்தவர். 1949 முதல் 1952 வரை அன்றைய சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். பின்னர் ஒரிசாவின் ஆளுநர். இத்தனை பதவியும் பார்த்தவர் சொந்த வீட்டைக் காந்தி பெயரில் ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பா எங்களை அந்த வழியாகக் கூட்டிப்போகும்போதெல்லாம் அதைச் சொல்வார். இன்னொன்று, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாலிடெக்னிக். மில் தொழிலை இங்கே ஊன்றிய பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1962-ல் மறைந்தார். மறு வருடமே அவர் மகன் ராமசுப்பிரமணிய ராஜா தந்தை பெயரில் அதைத் தொடங்கினார். எங்கள் தெருவில் எத்தனையோ வீடுகளில் அந்த டிப்ளமோதான் சோறு போட்டிருக்கிறது. தந்தைக்கு மகன் செய்ய வேண்டியதை இப்படியும் செய்யலாம் என்று அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போது மனசார நினைப்பேன். கட்டடம் கட்டும் வசதி இல்லாத பிட்டரின் மகளுக்கு ஒரு பிரஷ் பெட்டி இருக்கிறது. அளவு வேறு, எண்ணம் வேறில்லை என்பது என் நம்பிக்கை.

வேலையில் பாதி ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது. ஊரை நெருங்கும்போதே ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்துவிடும். 11 நிலை, 192 அடி. தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று இங்கே குழந்தைகூடச் சொல்லும். மதுரைக் கோபுரங்களைப் போல வண்ணச் சுதைப் பொம்மைகள் நெருக்கியடிக்கும் கோபுரம் அல்ல இது. வர்ணத்தோடே வாழ்ந்த அப்பாவுக்கு இந்த வெறுமை ரொம்பப் பிடிக்கும். எங்கே நிறம் வேண்டாம் என்று தெரிவதும் வேலையில் சேர்ந்ததுதான் என்று சொல்லியிருக்கிறார்.

ஆண்டாள் சந்நிதியில் நான் கும்பிடுவதோடு கவனித்துப் பார்ப்பதும் ஒன்று உண்டு, அவள் இடக்கையில் இருக்கும் கிளி. அது மரத்தில் செதுக்கியதோ உலோகத்தில் வார்த்ததோ அல்ல. தினமும் புதிதாகக் கையால் கட்டுகிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ, உடம்புக்கு மரவள்ளி இலை, காலுக்கு மூங்கில் குச்சி, கட்டுவதற்கு வாழைநார், கண்ணுக்குக் காக்காப்பொன். அரளி இதழும் நந்தியாவட்டையும் சேரும். ஒரு கிளியைக் கட்டி முடிக்க நாலரை மணி நேரம் ஆகும் என்கிறார்கள். பரம்பரையாக இதைச் செய்து வருகிறார்கள், தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு. இத்தனை பாடுபட்டுக் கட்டிய கிளி அவள் கையில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். பிறகு பிரசாதமாக யாரோ ஒரு பக்தர் கைக்குப் போய்விடும். கட்டியவர் வீட்டில் காட்டிவைக்க ஒரு கிளிகூட மிஞ்சாது. பொம்மைக் கலையில் இதைவிடப் பெரிய கொடையை நான் பார்த்ததில்லை.

இந்த ஊரே ஒரு தகப்பனும் மகளும் கட்டிய ஊர். பெரியாழ்வார் நந்தவனம் வைத்துப் பூக்கட்டிக் கொடுத்தவர். துளசிச் செடியடியில் கண்டெடுத்த குழந்தை ஆண்டாளை அந்தப் பூக்களுக்கு நடுவே வளர்த்தார். அவள் சூடிக் களைந்த மாலை இன்றைக்கும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்குப் போகிறது. திருப்பாவை 30 பாட்டு, நாச்சியார் திருமொழி 143. பாடி முடித்துத் தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் தன்னை மட்டும் சொல்வதில்லை. பட்டர்பிரானின் கோதை என்கிறாள், வில்லிபுத்தூர் விட்டுசித்தனின் மகள் என்கிறாள். மற்ற எல்லா இடத்திலும் கண்ணனையே பேசியவள் கையெழுத்துப் போடும்போது அப்பாவை நினைத்துக்கொள்கிறாள். கோயிலில் உள்ள கண்ணாடிக் கிணற்றைச் சுற்றி எல்லோரும் அவள் மாலை சூடி அழகு பார்த்த கதையைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அங்கே நிற்கும்போது இந்தக் கையெழுத்துதான் ஞாபகத்துக்கு வரும்.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பொம்மை வாங்கப் போகும் வீடுகளில் ஒரு மாமி இருக்கிறார். தசாவதார செட் வைத்திருக்கிறார். ராமர் வேட்டி ஒரு காலத்தில் பச்சை, இப்போது பாசி பிடித்த சுவரைப் போல ஆகிவிட்டது. எடுத்துக் கொடுக்கும்போது தயங்கினார். "கலரை மட்டும் மாத்திடாதேம்மா. எங்கம்மா கடை கடையா அலைஞ்சு இந்தப் பச்சைதான் வேணும்னு வாங்கினா" என்றார். நான் அவர் எதிரிலேயே பொம்மையைத் திருப்பி, பீடத்துக்கு அடியில் மெல்லச் சுரண்டிக் காட்டினேன். அடியில் இருந்த பச்சை அப்படியே இருந்தது. மாமி விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். காபி போட்டுக் கொடுத்தார். தன் அம்மாவைப் பற்றி மாலை வரைக்கும் பேசினார்.

அப்பா ஏன் முதல் நிறத்தைத் தேடினார் என்பது இப்படிப்பட்ட வீடுகளில்தான் எனக்குப் புரிந்தது. கொலுப் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு பொம்மைக்குப் பின்னாலும் அதை வாங்கிய ஒருத்தி இருக்கிறாள். கல்யாணச் சீராகக் கொடுத்த மரப்பாச்சி, பிரசவத்துக்கு வந்த மகளுக்குத் தாய் வாங்கிய செட்டியார் செட்டிச்சி, நவராத்திரிச் சந்தையில் பேரம் பேசி எடுத்த தவழும் கிருஷ்ணன். வாங்கியவர்களில் பலர் இன்றைக்கு இல்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த நிறம் மட்டும் இருக்கிறது, அதுவும் நாலு பூச்சுக்கு அடியில். அதை வெளியே கொண்டுவந்து கொடுத்தால், கொடுக்கிறவர் தன் அப்பாவுக்குச் செய்வதும் வாங்கிக்கொள்கிறவர் தன் அம்மாவுக்குச் செய்வதும் ஒரே வேலையில் முடிந்துவிடுகிறது. இதற்குக் கூலி எப்படி வாங்குவது?

கூலி வாங்காமல் பழுது பார்க்கிறவர்கள் வேறு இடத்திலும் உண்டு. ஜப்பானிலும் நம்மைப் போல் படி கட்டிப் பொம்மை வைக்கிறார்கள், மார்ச் 3-ம் தேதி, பெண் குழந்தைகளுக்காக. உடைந்த விளையாட்டுச் சாமானைக் கொண்டுபோனால் பெரும்பாலும் இலவசமாகவே பழுது பார்த்துக் கொடுக்கும் 'பொம்மை ஆஸ்பத்திரிகள்' அங்கே ஊர் ஊராக உண்டு. செய்கிறவர்களில் நிறையப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள். இதைப் பற்றிப் படித்தபோது அப்பாவின் திண்ணை ஞாபகம் வந்தது. நம் ஊரில் ரிட்டயர் ஆன பிட்டர்களும் டெய்லர்களும் டிராயிங் வாத்தியார்களும் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

அப்பா இன்னொரு வழக்கம் வைத்திருந்தார். தெருவில் எந்த வீடாவது முதல் முறையாகக் கொலு வைத்தால், அவர் செலவில் ஒரு புதுப் பொம்மை போகும். விளாச்சேரியில் வர்ணம் அடிக்காத வெள்ளைப் பொம்மையாக வாங்கிவந்து அவரே தீட்டிக் கொடுப்பார். வாடகை வீட்டில் ஒற்றைப் படி கட்டியிருந்தாலும் சரி, ட்ரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் துணி விரித்திருந்தாலும் சரி. இப்போது நான் கொடுக்கிறேன். போன முறை தெருப் பிள்ளைகள் சிலரைத் திண்ணையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு சின்ன வெள்ளைப் பொம்மை கொடுத்து அவர்களையே தீட்டச் சொன்னேன். ஒரு பையன் பிள்ளையாருக்குக் காக்கிச் சட்டை போட்டான். அவன் அப்பா போலீஸ். அந்தப் பிள்ளையாரை அவன் வீட்டிலேயே படியில் வைத்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பரணில் நிறம் போன பொம்மைகள் இருந்தால் இந்த வருடம் தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டர் ஆப் பாரிஸ் பொம்மையைக் குளத்திலும் கரைக்காதீர்கள், அது கரையாது. ஈரம் படாமல் தூசி தட்டி, பீடத்தின் அடியில் ஓரமாகச் சுரண்டிப் பாருங்கள். வர்ணம் அடிக்கத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் பக்கத்து வீட்டுப் பொம்மையை வாங்கித் தீட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். காசு வாங்க வேண்டாம்.