கப்பல் அறையும் கொட்டாஞ்சேனை அறையும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். ஒரு நாள் மாலை கீழ்வீட்டு மாமி தேநீரைக் கையில் தந்துவிட்டுத் தனது தொலைபேசியில் இருந்த ஒரு படத்தைக் காட்டினார். ஒரு சின்ன அறை. இரண்டு கட்டில்கள், ஒரு கண்ணாடி, ஒடுக்கமான ஓர் அலுமாரி. யன்னல் இல்லை.

"பார் பிள்ளை, இதுக்குள்ள நாங்கள் நாலு பேர் இருந்தனாங்கள். மகள், மருமகன், பேரன், நான்" என்றார்.

அது கப்பல் அறை. மகள் குடும்பம் சென்னையில் இருக்கிறது. 2023 இல் மகள் தாயை அங்கு அழைத்து, 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பலில் கூட்டிச் சென்றிருந்தாள். சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வந்து திரும்பிய கப்பல் அது. அவ்வாண்டு ஜூன் 16 ஆம் திகதி அது முதன்முறையாகக் காங்கேசன்துறைக்கு வந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 200 மீற்றருக்கு மேல் நீளமான கப்பல். ஆனால் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் அறையோ எங்கள் வீட்டுச் சாமான் அறையளவுதான்.

எல்லாவற்றுக்கும் ஓர் இடம்

அந்த அறைக்குள் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டேன். மாமி உற்சாகமாகிவிட்டார். பிள்ளைகளுக்கான கட்டில்கள் சுவரோடு மடிந்திருக்குமாம். இரவில் இறக்கி, காலையில் ஏற்றிவிட வேண்டும். வெறும் சூட்கேஸ்கள் கட்டிலுக்குக் கீழே போய்விடும். உடுப்பை மடிக்காமல் சுருட்டி வைத்தால் ஒரு தட்டில் கூடுதலாகக் கொள்ளும். கப்பற் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டும். தொப்பி, துவாய், பை எல்லாம் அதில் தொங்கும். பல பைகள் தைத்த துணியொன்றைக் கதவில் கொழுவினால் சீப்பு, மருந்து, கண்ணாடி எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

"இன்னொண்டு பிள்ளை. கப்பலில ஏறேக்க பெரிய பெட்டியளை அவங்கள் வாங்கிப் போடுவாங்கள். அது அறைக்கு வர மணித்தியாலக்கணக்காகும். கடவுச்சீட்டு, மருந்து, ஒரு மாற்றுடுப்பு இவ்வளவும் கைப்பையில இருக்கவேணும்."

உயிர்காப்பு அங்கிகளுக்கும் அறையில் ஓர் இடம் உண்டாம். எவ்வளவு நெருக்கடி என்றாலும் அதற்கு முன்னால் ஒன்றையும் அடுக்கக் கூடாது.

பிறகு மாமி சொன்ன ஒரு விடயம் என் மனதில் தங்கிவிட்டது. மகள் எல்லோருடைய சாமானையும் அழகாக அடுக்கி முடித்தாள். ஒரு தட்டு மருமகனுக்கு, ஒன்று பேரனுக்கு, ஒன்று மாமிக்கு. அவளுடைய உடுப்புகள் மட்டும் ஒரு சொப்பிங் பையில் கட்டிலின் காலடியில் கிடந்தன. மாமி தனது தட்டைப் பாதியாக்கி அவளுக்குக் கொடுத்தாராம்.

"என்ர அம்மாவும் இப்பிடித்தான்" என்றார். சற்று நேரம் பேசவில்லை.

சரக்குக் கப்பலில் ஒரு பை

1983 ஜூலைக் கலவரத்தின்போது மாமிக்குப் பதினான்கு வயது. வெள்ளவத்தை வீட்டிலிருந்து அயலவரின் உதவியோடு வெளியேறி, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அமைந்த அகதி முகாமில் தங்கினார்கள். அங்கிருந்து 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். அது சரக்குக் கப்பல். அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. கிடைத்த இடத்தில் சனம் இருந்தது.

வீட்டை விட்டு ஓடும்போது மாமியின் தாயார் ஒரு துணிப்பையைத்தான் எடுத்தார். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, கணவரின் நீரிழிவு மாத்திரை, கடைக்குட்டியின் கம்பளிச் சட்டை. அந்தப் பை கப்பலில் அவருடைய மடியை விட்டு இறங்கவில்லையாம். யாழ்ப்பாணத்தில் போய்த் திறந்து பார்த்தபோது அதற்குள் அவருக்கென்று ஒரு சீலைகூட இல்லை. பல நாட்கள் மச்சாளின் சீலையைக் கட்டினார்.

நாற்பது வருடங்களின் பின் அதே துறைமுகத்தில் மாமி உல்லாசக் கப்பலால் இறங்கியிருக்கிறார். "காலை வைக்கேக்க அம்மான்ர மடிதான் ஞாபகம் வந்தது" என்றார்.

கொட்டாஞ்சேனையில்

அடுத்த நாள் வேலையாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். 102 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் காலி வீதியால் கோட்டை, புறக்கோட்டையெல்லாம் கடந்து போகலாம். இறங்கி நடக்கையில் புனித லூசியாள் பேராலயத்தின் பெரிய குவிமாடம் கூரைகளுக்கு மேலாகத் தெரியும். அதைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் பழைய வீடுகளைப் பலகையால் பிரித்து அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வைத்தியத்துக்கும் வெளிநாட்டு அலுவல்களுக்கும் வேலைக்கும் வடக்கு, கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருவோர் இப்படியான அறைகளிலும் லொட்ஜ்களிலும் தங்குவது பல காலத்து வழக்கம். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டதும் இந்தப் பகுதிகளிலிருந்துதான். சாமானை அடுக்கவும் அவர்களுக்குப் போதிய நேரம் இருக்கவில்லை. மறுநாள் உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்குத் தடை விதித்தது.

நான் பார்க்கப் போனது முல்லைத்தீவுப் பக்கத்துக் குடும்பமொன்றை. எட்டு வயது மகளுக்கு இருதய நோய். கணவர் புறக்கோட்டைக் கடையொன்றில் மூட்டை இறக்குகிறார். மாமியாரும் கைக்குழந்தையும் சேர்த்து ஐந்து பேர், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில். அன்று அந்தத் தாய் அழுதுகொண்டிருந்தார். முதல் நாள் கிளினிக். ஆனால் கிளினிக் கொப்பி எங்கோ மாறிவிட்டது. இரண்டு மணித்தியாலம் தேடி, அது மாமியாரின் உடுப்பு மூட்டைக்குள் அகப்பட்டபோது நேரம் போய்விட்டது.

"வீட்டைச் சரியா வைச்சிருக்கத் தெரியேல்லை எண்டு இவர் பேசினவர் மிஸ்" என்றார். தெரியாமையல்ல, அந்த அறையில் எதற்கும் ஓர் இடம் இருக்கவில்லை.

மாமியின் கப்பல் அறையைப் பற்றிச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னேரமே வேலையைத் தொடங்கினோம். கட்டிலின் நான்கு காலுக்கும் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தினோம். மூன்று சூட்கேஸ்களும் கீழே போயின. இங்கே சுவரில் காந்தம் ஒட்டாது. ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். ஆகவே யன்னல் கம்பியில் கயிறு கட்டினோம். அவர் தையல் தெரிந்தவர். பழைய சீலையொன்றில் பன்னிரண்டு பைகள் தைத்துக் கதவின் பின்புறம் தொங்கவிட்டார். பாய்களும் தலையணைகளும் காலையில் சுருட்டிக் கயிற்றில் ஏறின. மழைக்கு அறைக்குள் தண்ணீர் வருவதால் அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் பொலித்தீன் உறையிலிட்டுத் துணியின் மேல்வரிசைப் பைகளில் வைத்தோம். வீட்டில் எல்லோருக்கும், அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கும், அந்த இடத்தைக் காட்டினோம்.

கடைசியாக மூன்று தட்டு மர றாக்கை ஒன்று மிஞ்சியது. கணவருக்கொன்று, பிள்ளைகளுக்கொன்று, மாமியாருக்கொன்று என்று அவர் பிரித்தார்.

"உமக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன மிஸ் இருக்கு?"

கதவு மூலையில் தொங்கிய சொப்பிங் பையை எடுத்து வந்து திறந்தார். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு, துணி வெட்டும் கத்தரிக்கோல், போரில் இறந்த தாயின் ஒரேயொரு படம். படத்தின் ஓரம் ஈரத்தில் ஊறியிருந்தது. மாமியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ர சாமான் கட்டிலுக்குக் கீழ இருக்கட்டும் பிள்ளை. நடுத்தட்டை நீ எடு" என்றார்.

அடுத்த மாதம் போனேன். கிளினிக்குக்கு நேரத்துக்குப் போய் வந்திருந்தார்கள். அயல்வீட்டுச் சட்டைகள் இரண்டு தைப்பதற்காக வந்து நடுத்தட்டில் இருந்தன. நான் இருக்கையிலேயே கணவர் வேலையால் வந்து, கையிலிருந்த ஆணிப் பொட்டலத்தை அந்தத் தட்டில் வைக்கப் போனார்.

"அது என்ர தட்டு. உங்கட தட்டு மேல இருக்கு" என்றார் அவர், தையலை விட்டுத் தலை நிமிராமல். கணவர் பொட்டலத்தை மேலே வைத்தார்.

சகோதரிகளே, வீடு பெரிதோ சிறிதோ, வரும் ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். முக்கிய பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? அப்படியே, அந்த வீட்டில் உங்களுடைய தட்டு எது என்பதையும் பாருங்கள்.