சரிவில் நிறுத்திய வண்டி

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பாட்டரி போய்விட்டது என்பார்கள். பாட்டரியை மாற்றியும் ஆகவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்பார்கள். இரண்டும் அபிப்பிராயங்கள். நம் இலக்கிய விமர்சனத்தில் பழகிப்போன ரகம்: தீர்ப்பு முதலில் வந்துவிடும், காரணம் யாராவது கேட்டால் பிறகு.

ஏற்காட்டில் இந்த மனோபாவத்துக்குத் துணை செய்வது சரிவு. சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். வாசலைத் தாண்டினால் ஏற்றம் அல்லது இறக்கம். செல்ஃப் எடுக்காத வண்டியை இறக்கத்தில் உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சமவெளியில் ஒரு வாரத்தில் அம்பலமாகிவிடும் நோய் இங்கே ஒரு வருஷம்கூட மறைந்து கிடக்கலாம். ராத்திரியில் வண்டி எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறது என்பதை வைத்தே அதன் பாட்டரியைப் பற்றி ஓரளவு சொல்லிவிட முடியும்.

மலையின் வாழ்க்கையும் மின்னேற்றத்துக்கு அனுகூலமானதல்ல. ஒண்டிக்கடைக்கும் சந்தைக்கும் வீட்டுக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டங்கள். ஒரு தடவை ஸ்டார்ட் செய்ததில் பாட்டரி இழந்ததைத் திரும்பப் பெறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. பனிமூட்டத்தில் பகலிலேயே விளக்கு, வைப்பர், கண்ணாடிக்கு விசிறி. எஞ்சினோ மெதுவாகச் சுழல்கிறது. முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்தே ஒன்பது, பத்து ஆம்பியர் இழுக்கும். டிசம்பர் குளிரில் பாட்டரிக்குள் ரசாயன மாற்றம் மந்தமாகிறது, எஞ்சின் ஆயில் கெட்டியாகிறது; தருவது குறையும் நேரத்தில் கேட்பது கூடுகிறது. அம்பாசடர் காலத்து டைனமோ ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றுமே தராது. அதன் இடத்துக்கு வந்த ஆல்டர்னேட்டர் குறைந்த வேகத்திலும் கொஞ்சம் தரும். கொஞ்சம்தான்.

எங்கள் வண்டி பழைய மாருதி 800. வீடு சாலைக்குக் கீழே பள்ளத்தில். ராத்திரியில் வண்டியை மேலே சாலையோரத்தில், இறக்கம் பார்த்து நிறுத்திவிட்டு வருவது அப்பாவின் வழக்கம். ஒரு மழை நாளில் கீழேயே விட்டிருந்தார். அன்று பின்னிரவில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு கடுமையாயிற்று. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம்; அதோடு சரி. பள்ளத்திலிருந்து தள்ளி ஏற்ற முடியாது. பக்கத்து எஸ்டேட் ஜீப் வந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் ஆஸ்பத்திரியை அடைந்தோம். அம்மா பிழைத்துக்கொண்டாள். அது பாட்டரி மாற்றி எட்டு மாதம்கூட ஆகாத வண்டி. அதைப் பார்த்த மெக்கானிக், பாட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்றார். அவரிடம் மீட்டர் இருந்தது, வெளியே எடுக்கவில்லை.

நான் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கினேன். முறை எளிது. ராத்திரி முழுவதும் ஓய்ந்திருந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. எஞ்சின் ஓடும்போது அதே முனைகளில் 13.8-லிருந்து 14.4-க்குள் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரில் கோளாறு. பாட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு பாட்டரி விளக்கு, சாவியைப் போட்டதும் எரிந்து எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். அது எரியவே இல்லை என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் காந்தத்தை எழுப்பும் முதல் மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃப்யூஸானால் ஆல்டர்னேட்டரும் தூங்கிவிடும்.

நமது பட்டறைகளில் இன்னும் ஒரு சோதனை உண்டு: எஞ்சின் ஓடும்போதே பாட்டரியின் ஒயரைக் கழற்றிப் பார்ப்பது. டைனமோ காலத்தின் மிச்சம் அது. ஆல்டர்னேட்டரில் இப்படிச் செய்தால் திடீரென்று எழும் உயர் வோல்டேஜ், டயோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடக்கூடும். எலெக்ட்ரானிக் சாதனங்கள் உள்ள வண்டியில் சேதம் இன்னும் அதிகம். பரிசோதனை என்ற பெயரிலேயே பொருளைக் கொன்றுவிடுவது விமர்சனத்திலும் நடக்கிற காரியம்.

எங்கள் வண்டியில் பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. விளக்குகளைப் போட்டு எஞ்சினைச் சற்று உயர்த்தி ஓடவிட்டபோது பாட்டரி முனைகளில் 13.0. இந்த இடத்தில் நின்றுவிட்டால் மெக்கானிக் சொன்னதுதான் சரி. ஆனால் ஆல்டர்னேட்டரிலேயே, அதன் வெளிமுனைக்கும் உடம்புக்கும் இடையே 14.3 இருந்தது. உற்பத்தியில் குறையில்லை, வழியில்தான் 1.3 வோல்ட் காணாமல் போகிறது. வங்கியில் சாயங்காலம் கணக்கு இடிக்கும்போது செய்கிற வேலைதான் பாக்கி. ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் முனையிலிருந்து பாட்டரியின் பாசிட்டிவ் வரை: 0.1. ஆல்டர்னேட்டரின் உடம்பிலிருந்து பாட்டரியின் நெகட்டிவ் வரை: 1.2. கணக்கு நேராகிவிட்டது. எஞ்சினுக்குப் போகும் எர்த் கேபிளின் போல்ட்டில் மலை ஈரத்தில் பூத்த துரு. ஸ்டார்ட்டரின் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியரும் அந்தத் துருவைக் கடந்துதான் திரும்பியாக வேண்டும். டக் என்ற சத்தத்துக்கு அதுவே காரணம். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் வாஸலைன் தடவி முடுக்கினேன். விளக்கோடு 14.1.

ஒரு படைப்பு நமக்குள் ஏறவில்லை என்றால் கோளாறு அதில் இருக்கலாம், வாசிப்பவனிடம் இருக்கலாம், இரண்டுக்கும் இடையிலான தொடர்பிலும் இருக்கலாம். மூன்றாவதை நாம் பெரும்பாலும் சோதிப்பதில்லை. அது கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது. யாருக்கும் பெருமையோ லாபமோ தருவதில்லை.

மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துக் குறித்துக்கொள்கிறேன். அந்தக் கேபிளுக்குத் துணையாக இன்னொரு எர்த் ஒயரும் போட்டாயிற்று. அப்பா எண்களைப் பார்த்துத் தலையாட்டுகிறார். வண்டியை இன்னும் மேலே, இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துகிறார். அம்மாவின் மூச்சு விஷயத்தில் அவர் என் மீட்டரை மட்டும் நம்ப வேண்டும் என்று வாதிட எனக்குத் தோன்றவில்லை.