டெய்லரும் ஒரு உடைஞ்ச சென்டர் டிரில்லும்

பி.காம் படிக்கிற எல்லாருக்கும் எஃப்.டபிள்யூ. டெய்லரைத் தெரியும். 'அறிவியல் மேலாண்மையின் தந்தை', 1911-ல புத்தகம் எழுதினார், அஞ்சு மார்க். இந்த மனுஷன் 26 வருஷம் லேத்துல இரும்பை வெட்டி வெட்டிப் பார்த்தவர்னு எந்த கைடாவது உங்ககிட்ட சொல்லிச்சா? என்கிட்ட சொல்லலை.

1880-ல ஆரம்பிச்சிருக்கார். எந்த டூலை எந்தக் கோணத்துல தீட்டினா, எவ்வளவு வேகத்துல ஓட்டினா எத்தனை நிமிஷம் தாங்கும்? இதே கேள்விதான், 30 ஆயிரத்துக்கும் மேல பரிசோதனை. வெட்டித் தள்ளின இரும்பு 8 லட்சம் பவுண்டு, அதாவது சுமார் 360 டன். நடுவுல, பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில மான்செல் வைட்டோட சேர்ந்து ஹை ஸ்பீடு ஸ்டீலுக்கான பக்குவத்தைக் கண்டுபிடிச்சார். 1900-ல பாரிஸ் கண்காட்சியில அந்த டூல் நுனி சிவக்கச் சிவக்க இரும்பைச் சீவினதைப் பார்த்து ஐரோப்பாக்காரங்க வாயடைச்சுப் போனாங்களாம். சாதாரண கார்பன் ஸ்டீல் டூல் 200, 250 டிகிரி தாண்டினாலே மழுங்கிடும். இது 600 டிகிரி வரைக்கும் தாங்கும். எங்க பட்டறையில 'ஹெச்.எஸ்.எஸ்'னு சொல்றோமே, அதேதான்.

பட்டறைன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டுல இருபது வருஷம் டர்னரா இருந்துட்டு, வீட்டுப் பக்கவாட்டுல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு அப்பா வெச்சிருக்கிற ஒரு பழைய ஆறடி லேத், ஒரு பெஞ்ச் கிரைண்டர், ஒரு டிரில்லிங் மிஷின். அவ்வளவுதான். எஸ்டேட்டுல இருக்கிற சி.என்.சி கம்பெனிங்க 'இதுக்கெல்லாம் மிஷினை நிறுத்த முடியாது'ன்னு ஒதுக்குற சில்லறை வேலைங்க இங்க வரும்.

போன மாசம் வந்தது 40 புஷ். ஈ.என்.8 ஸ்டீல், உள்விட்டம் 30 மி.மீ. அதுக்குள்ள 3 மி.மீ அகலத்துல ஓ-ரிங் உட்கார ஒரு பள்ளம் வேணும். பள்ளத்துக்குக் கூலி பீஸுக்கு 90 ரூபாய். நான் பாரிமுனையில விசாரிச்சேன். உள்பள்ளம் போடுற ஹோல்டரும் ரெண்டு கார்பைடு இன்சர்ட்டும் சேர்த்து 4,200. மொத்தக் கூலியே 3,600 தான் :-)

அப்பா விலையைக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலை. தகர டப்பாவைக் கவிழ்த்து, நுனி உடைஞ்ச ஒரு சென்டர் டிரில்லை எடுத்தார். "இங்க பாரு பாப்பா, லைட்டை ஆஃப் பண்ணு." கிரைண்டர்ல லேசா வெச்சார். கார்பன் ஸ்டீலா இருந்தா மத்தாப்பு மாதிரி வெள்ளையா பூப்பூவா வெடிக்கும். ஹெச்.எஸ்.எஸ்ஸா இருந்தா பொறி குறைவு, மங்கலான சிவப்புல கோடு கோடா ஓடும். இது சிவப்பு. பாஸ்.

டிரில் பிட்டை விட சென்டர் டிரில் ஏன் வசதின்னா, அதோட உடம்புல நீளமான வரிப்பள்ளம் கிடையாது. முழுக்கட்டையா, நல்லா கெட்டியா இருக்கும். 16 மி.மீ கம்பி ஒண்ணுல குறுக்கே ஓட்டை போட்டு, அதுக்குள்ள இந்தத் துண்டைச் சொருகி, நுனிப்பக்கத்துல இருந்து ஒரு கிரப் ஸ்குரூ வெச்சு இறுக்கினா போரிங் பார் ரெடி.

தீட்டுறதுதான் நிஜ வேலை. வெட்டுற முனை 3 மி.மீ. ரெண்டு பக்கமும் பின்னால போகப்போக ஒரு மயிரிழை ஒடுங்கணும், இல்லைன்னா பள்ளத்துக்குள்ள சிக்கிக்கும். வெளிப்பக்கம் கடையிற டூலை விட அடியில அதிகமா சரிச்சு எடுக்கணும். ஓட்டையோட சுவர் வளைஞ்சு மேல வருது இல்லையா, அடிப்பாகம் போய் அதுல உரசும். கார்பன் ஸ்டீல்னா தீட்டும்போது நீலம் பாய்ஞ்சாலே பதம் போச்சு. ஹெச்.எஸ்.எஸ் நீலத்துக்கெல்லாம் அசராது. ஆனா சூடு ஏத்திட்டு சட்டுனு தண்ணியில முக்கினா கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும்.

ரெண்டு மணி நேரம் ஆச்சு. மணிக்கு 300 ரூபாய்ன்னு வெச்சா 600. நம்ம காஸ்ட் அக்கவுண்டிங்ல செய்யலாமா வாங்கலாமான்னு ஒரு கணக்கு வருமே, அதைப் போட்டுப் பார்த்தேன். வாங்கினா 3,600 கூடுதல் செலவு. கார்பைடு பீஸுக்கு ஒரு நிமிஷம் மிச்சம் பண்ணுதுன்னு வெச்சா 5 ரூபாய் லாபம். 720 பீஸ் தாண்டினாதான் வாங்குறது கட்டுப்படியாகும். அதுவும் எங்க கிழட்டு லேத் அதிர்ற அதிர்ச்சிக்கு கார்பைடு முனை பொறிஞ்சிடாம இருக்கணும். (பார்ட்டி காசு கொடுக்க மூணு மாசம் ஆகும்கிறதைச் சேர்க்கவே இல்லை. 2006-ஆம் வருஷத்துச் சட்டம் 45 நாள்ங்குது. அதைச் சொல்லிக் கேட்டா அடுத்த ஆர்டர் வராது.)

டெய்லருக்கு இந்தக் காட்சி சுத்தமா பிடிச்சிருக்காது. தொழிலாளி தன் டூலைத் தானே தீட்டக்கூடாதுங்கிறது அவர் கட்சி. டூல் ரூம்னு தனியா இருக்கணும், அங்க அளவு மாறாம தீட்டித் தரணும், டர்னர் வாங்கி மாட்டி ஓட்டணும். ஆயிரம் பேர் வேலை செய்யற ஃபேக்டரிக்கு அது நியாயம். ஒரே ஆள் பட்டறையில டூல் ரூம் எங்க இருக்கும்? 27-ஆவது புஷ்ல முனை மழுங்கிச்சு. அப்பா கழட்டி, மூணு நிமிஷத்துல தீட்டி, திரும்ப மாட்டிட்டார். அந்த மூணு நிமிஷத்தை என் கணக்குல எந்தக் காலத்துல எழுதுறதுன்னு எனக்கு இன்னும் தெரியலை.

எனக்குக் கவலை வேற. அப்பாவுக்கு 54 வயசு. போன வருஷம் கண்ணாடி பவர் ஏறிடுச்சு. எஸ்டேட்டுல சேர்ற பசங்க இன்சர்ட்டைத் திருப்பிப் போடக் கத்துக்கிறாங்க, கிரைண்டர் பக்கம் போறதே இல்லை. அவங்க மேல தப்பும் இல்லை, அந்த மிஷினுக்கு அதுதான் சரி. நானும் சி.ஏ இன்டர் எழுதப் போறேன், லேத் முன்னாடி நிக்கப் போறதில்லை. அதனால ஒரு நோட்டு போட்டேன். டப்பாவுல இருக்கிற ஒவ்வொரு துண்டும் எதுல இருந்து வந்தது, எந்த வேலைக்குத் தீட்டினது, என்ன கோணம். "கோணமா? கையில வெச்சா தெரியும்"கிறார். ப்ரொட்ராக்டர் வெச்சு நானே அளந்து எழுதுறேன். இதுவரைக்கும் 31 ஆச்சு. பவர் ஹேக்ஸா பிளேடுல செஞ்ச கட்டிங் டூல், உடைஞ்ச டேப்புல செஞ்ச உள்மரை டூல், இப்படி.

32-ஆவது, ஒரு விரல் நீளத்துக்கு, ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி தீட்டின ஒரு துண்டு. எதுக்குப்பான்னு கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஞாபகம் இல்ல. ஆனா நல்லா வெட்டுச்சு"ன்னார். அப்படியே எழுதி வெச்சிருக்கேன்.