லுவாவின் 22 சொற்கள்

லுவா கற்க வரும் பிள்ளைகளை அதன் கையேட்டில் ஒதுக்கப்பட்ட சொற்களையும் பெயர் விதியையும் சொல்லும் சிறு பகுதியைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். லுவா 1993இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த நிரல்மொழி. 5.4ஆம் பதிப்பில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 22 மட்டுமே. இஃப், எண்ட், லோக்கல் போன்ற இந்தச் சொற்களை மாறிக்குப் பெயராக வைக்க முடியாது.

பெயர் விதியும் எளிது: ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே வரலாம்; எண்ணில் தொடங்கக் கூடாது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு. சிறிய எழுத்தில் ‘அண்ட்’ மொழிக்குச் சொந்தம். பெரிய எழுத்தில் எழுதினால் நம் மாறி. தமிழில் மாறிப் பெயர் வைக்க இடமில்லை. மேற்கோள் குறிக்குள் தமிழ் எழுதலாம்.

சிறு மொழி ஒன்றை உருவாக்கும் நண்பர்களே, உங்கள் கையேட்டிலும் இப்படி ஒரு பகுதியை முதலில் எழுதுங்கள். எது மொழியுடையது, எது தன்னுடையது என்று தெரிந்தால்தான் புதியவருக்குத் துணிச்சல் வரும்.