எங்கள் வீட்டுத் தேனீப் பெட்டி

எங்கள் மாடியில் தாத்தாவின் தேனீப் பெட்டி இருந்தது. நியூட்டன் பெட்டி. 1910-களில் நியூட்டன் என்ற பாதிரியார் நம் நாட்டு அடுக்குத் தேனீக்காகவே வடிவமைத்தது. (கொட்டினால் வலிக்கும், எனக்குத் தெரியும்!)

ஒருநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு டியூப் லைட்டுக்குப் போன தேனீ, அங்கிருந்த பாப்பாவைக் கொட்டிவிட்டது. கன்னம் வீங்கிப்போச்சு. அந்த அக்கா பஞ்சாயத்து ஆபீசில் சொல்லிவிட்டார். வந்தவர், "வளர்க்கக் கூடாதுன்னு சொல்லல. ஆனா வீடுங்க நெருக்கமா இருக்கே பெரியவரே" என்றார்.

"கொல்லையில வெச்சிடலாம் தாத்தா" என்றேன்.

"பத்தடி தள்ளி வெச்சா பழைய இடத்துக்கேதான் வரும்மா. மூணு கிலோமீட்டராவது தாண்டணும்."

இருட்டியதும், எல்லாம் கூடு திரும்பின பிறகு, வாசலைக் கொசுவலைத் துணியால் கட்டி, செங்கம் பக்கம் மாமா நிலத்துக்குக் கொண்டுபோனோம்.

காலையில் பார்த்தால், இரவு வெளியே தங்கிவிட்ட ஏழெட்டுத் தேனீக்கள் வெறும் ஸ்டூலையே சுற்றிக்கொண்டிருந்தன. தாத்தா அன்று மாடிக்கு வரவேயில்லை.